எச்சில் யாருடையது?

விருந்தில் உண்டு முடித்ததும் இலையை மடித்துவிட்டு எழுகிறோம். அந்தக் கணமே இலைக்கும் நமக்குமான உறவு அறுந்துவிடுகிறது. வாய் பட்டது எச்சில், எச்சில் தீட்டு என்ற எண்ணம்தான் ஒருமுறை உண்டதும் எறியும் இலையையும் தொன்னையையும் நம் பந்திகளில் இவ்வளவு ஆழமாக ஊன்றியது. பிளாஸ்டிக் நமக்குப் புதுப் பழக்கம் எதையும் கற்றுத்தரவில்லை. இருந்த பழக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, குவளை போன்றவற்றுக்குத் தடை வந்தது. பாக்கு மட்டைத் தட்டும் கரும்புச் சக்கைக் கிண்ணமும் இன்று பந்திக்கு வருகின்றன. நல்ல மாற்றம், சந்தேகமில்லை. ஆனால் மக்கும் தட்டில் உண்டுவிட்டால் பாவம் ஒட்டாது என்று நிம்மதியாக எழுந்துவிடலாமா? கூடாது என்கிறேன்.

பாக்கு மட்டைத் தட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மரத்திலிருந்து தானாக உதிர்ந்த மட்டையைக் கழுவி ஊறவைத்து, சூடான அச்சில் வைத்து அழுத்துகிறார்கள், அவ்வளவுதான். பசை கிடையாது; நார்கள் வரிவரியாகத் தெரியும். எதையும் வெட்டாமல் கிடைத்த இந்தப் பாத்திரத்தைவிட அகிம்சைக்குப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. அதே தட்டு, மிச்சச் சாம்பாரோடு பாலித்தீன் பையில் கட்டப்பட்டுக் கொடுங்கையூர் போன்றதொரு குப்பைமேட்டின் அடியில் புதைந்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேனைக் கக்கும். மக்காச்சோள மாவுச்சத்தில் செய்த பி.எல்.ஏ. குவளையோ ஏறத்தாழ 60 டிகிரி வெப்பமுள்ள உர ஆலையில்தான் ஒழுங்காக மக்கும். வாய்க்காலில் விழுந்தால் வருடக்கணக்கில் கிடக்கும். பொருளுக்கு மக்கும் குணம் இருந்தால் போதாது, அதை மண்ணிடம் சேர்க்க ஒரு கை வேண்டும்.

அந்தக் கை யாருடையது என்பதில்தான் சமயக் கேள்வி இருக்கிறது. ‘முன்னோர் எறிந்த இலையை மாடு தின்றது, மிச்சம் எருக்குழிக்குப் போனது, இதில் என்ன குறை?’ என்பார்கள். மாடு வரைக்கும் இலையைச் சுமந்தவர்களை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். உண்டவர் சுத்தமாக எழுந்துபோக, எச்சில் இலை எடுக்கும் வேலை சாதியின் பெயரால் சிலர் தலையில் சுமத்தப்பட்டது. வேறு விடைகளும் இந்த நாட்டிலேயே பிறந்தன. பௌத்தத் துறவிக்கு ஒரே ஒரு பிச்சைப் பாத்திரம். உண்டதும் கழுவி வைக்க வேண்டும். திகம்பர சமண முனிவர் உள்ளங்கையையே பாத்திரமாக்கி உண்கிறார். எறிய எதுவும் மிஞ்சுவதில்லை. அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கர் என்னும் பொதுப் பந்தியில் முன்பின் அறியாதவர் உண்ட எவர்சில்வர் தட்டைக் கழுவுவதே தொண்டு. எச்சிலைத் தொடுவது அங்கே தீட்டு அல்ல, வழிபாடு.

ஆயிரம் பேர் உண்ணும் அன்னதானத்தில் தட்டுக் கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தண்ணீர் இல்லாத ஊரில் இலையும் மட்டையும்தான் சரி. ஆனால் அரிசிக்கும் பருப்புக்கும் நன்கொடை எழுதும் நோட்டில் எருக்குழிக்கும் ஒரு வரி இருக்கட்டும். பரிமாற முந்துகிற கைகள் இலை எடுக்கவும் முந்தட்டும். மடித்தவரே தன் இலையைத் தூக்கிப் போய்க் குழியில் போட்டு, மேலே ஒரு கூடை மண்ணைத் தள்ளிவிட்டு, அப்புறம் கை கழுவட்டும்.