அடியார் ஆடுவது ஏன்?

கோயில் வீதியிலே தவில் முழங்கத் தொடங்கியதும் தாயின் இடுப்பிலிருக்கும் பிள்ளை காலை உதைத்து எழும்பப் பார்க்கும். அதற்கு இன்னும் பேச்சு வரவில்லை, தேவாரமும் தெரியாது. ஆட மட்டும் தெரிகின்றது.

மகிழ்ச்சி மிகுந்தால் மனிதன் ஆடுகின்றான் என்று பொதுவாகச் சொல்வர். அது பாதி உண்மைதான். செத்தவீட்டிலே ஒப்பாரி சொல்லும் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி முன்னும் பின்னும் அசைந்து அழுவதை யாவரும் கண்டிருப்பர். அங்கே மகிழ்ச்சி ஏது? இன்பமோ துன்பமோ, வாயாற் சொல்லி முடியாதது உடம்பை அசைத்தே வெளியேறப் பார்க்கின்றது.

சைவர்கள் தம் இறைவனையே ஆடுபவனாகக் கண்டவர்கள். தில்லைக் கூத்தனின் உடுக்கையிலே படைத்தலும், அபயகரத்திலே காத்தலும், தீயேந்திய கையிலே அழித்தலும், ஊன்றிய திருவடியிலே மறைத்தலும், தூக்கிய திருவடியிலே அருளலும் நிகழ்வதாகச் சித்தாந்தம் கூறும். காரைக்காலம்மையாரும் இறைவனிடம் வரம் கேட்கையில், அவன் ஆடும்போது அடிக்கீழ் இருக்கவேண்டும் என்றே கேட்டார். திருவாலங்காட்டிலே அது அவருக்குக் கிடைத்தது.

ஆனால் ஈழத்துக் கிராமக் கோயில்களிலே ஆட்டம் என்றவுடன் நினைவுக்கு வருவது காவடியே. காவும் தடி காவடி என்பர். அகத்தியர் சொற்படி சிவகிரி, சக்திகிரி என்னும் இரு மலைகளையும் தோளிலே காவிவந்த இடும்பனின் கதை பழனியோடு சேர்ந்தது. ஆகவே காவடி முதலில் ஒரு சுமை. பிறகுதான் அது ஆட்டம். காவுதடியிலே தண்ணீர் காவியவர்களின் நடையை முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இரு பக்கமும் பாரம் தொங்கும்போது விறைத்து நடக்க முடியாது. தடி துள்ளும், அந்தத் துள்ளலுக்கு இசைந்து காலும் துள்ளவேண்டும். இல்லையேல் தோள் முறிந்துவிடும். சுமக்கிறவனை அந்தச் சுமையே ஆட வைக்கின்றது.

தோளிலே தெரியாத சுமையோடு வருபவர்களும் உண்டு. நேர்த்திக்கடன் என்பது கேட்டது கிடைத்தபின் செலுத்துவது. ஆனால் போர்க்காலத்திலே பிள்ளை காணாமற்போய், 2009 இலே போர் முடிந்தபின்னும் ஒரு செய்தியும் அறியாமல், ஆண்டுதோறும் பாற்காவடி எடுக்கும் தாய்மார் இருக்கின்றனர். இவர்கள் எதைப் பெற்றுக்கொண்டு கடன் செலுத்துகின்றனர்? இறந்துவிட்டான் என்று அழவும் முடியாது. வருவான் என்று இருக்கவும் முடியாது. கச்சேரியிலே கொடுத்த மனுக்களில் எழுத முடிந்தது பெயரும் வயதும் திகதியும் மாத்திரமே. மிச்சத்தை அவர்கள் முருகன் வீதியிலே ஆடித் தீர்க்கின்றனர். தீர்வதுமில்லை, அடுத்த வருடமும் வருகின்றனர்.

ஆட்டமெல்லாம் பக்தியாகிவிடாது என்பதும் உண்மையே. மது அருந்திவிட்டு வருபவர்களும், சினிமா மெட்டுக்கு ஆட்டம் போடுபவர்களும், வீடியோக்காரரைக் கண்டதும் வேகம் கூட்டுபவர்களும் எல்லாத் திருவிழாவிலும் உள்ளனர். கோயில்களிலே நடந்த சின்னமேளத்தை ஆறுமுகநாவலர் 19 ஆம் நூற்றாண்டிலேயே வன்மையாகக் கண்டித்தார். கும்பிட வந்தவர்களை வேடிக்கை பார்ப்பவர்களாக்கும் எதையும் இன்றும் கண்டிக்கத்தான் வேண்டும். குடித்து வந்தவரை வெளிவீதியிலேயே மறிக்கலாம். சினிமா மெட்டை நிறுத்தச் சொல்லலாம். பரிபாலன சபைக்கு அந்த அதிகாரம் உண்டு.

அதற்கு அப்பாலும் போய், இன்னாருக்கு உண்மையாகவே உரு வந்தது, இன்னாருடையது நடிப்பு என்று மடத்துத் திண்ணையிலிருந்து தீர்ப்புச் சொல்வோரிடம் எந்த அளவுகோல் இருக்கின்றது? (இவர்களிற் பலர் ஒருநாளாவது காவடி தூக்கியவர்களல்லர்.) ஊருக்குக் காட்டவென்று ஆடத் தொடங்கிய இளைஞன் மூன்றாம் வீதி திரும்புகையிலே தன்னை மறந்திருக்கக்கூடும். விரதமிருந்து முறையாக வந்தவரின் மனம் அன்றைக்குக் கூடாமலும் போகலாம். ஆடுகிறவருக்கே அது முழுதாகத் தெரியும் என்று சொல்வதற்கில்லை.

சபையார் தீர்மானிக்கவேண்டிய வேறொரு விடயம் இருக்கின்றது. பூசைக்கு நேரம் பிந்துகின்றது என்று காவடி வாசலுக்கு வருமுன்னே மேளத்தை நிறுத்துவது சில இடங்களிலே வழக்கமாகிவிட்டது. நேர ஒழுங்கு அவசியமே. ஐயருக்கும் அடுத்த கோயிற் பூசை இருக்கும். அப்படியானால் காவடிகளைக் காலையிலே அரைமணி முந்தி எடுக்கச் சொல்லி அறிவிக்கலாம். கோபுரவாசலுக்குப் பத்து யார் தூரத்தில் ஒரு தாய் ஆடிக்கொண்டு நிற்கையில் மேளத்தை நிறுத்துவது முறையல்ல. அவர் தாமாகக் காவடியை இறக்கும்வரை அடிக்கும்படி மேளகாரரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும்.