ராட்டினமும் அடிபம்பும்

கெட்டிக்காரத்தனம் என்றால் நம் எல்லோருக்குமே பிடிக்கும். ஒரு யுக்தியைப் பார்த்து, "அடடா, இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே!" என்று வியக்கும்போது மனத்துக்குள் ஒரு மத்தாப்பு எரிகிறது. அந்த வெளிச்சத்தில் எதைப் பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கும். மத்தாப்பு அணைந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த யுக்தி யாருக்காக? பார்த்து வியந்தவனுக்காகவா, அதை வைத்துக்கொண்டு நாளெல்லாம் வாழப் போகிறவனுக்காகவா?

புதுமையான பொருள்களைக் கற்பனை செய்து வடிவம் கொடுப்பது இன்று ஒரு தனிக் கலையாகவும் தனித் தொழிலாகவும் வளர்ந்துவிட்டது. அதற்கென்று கல்லூரிகள் இருக்கின்றன. கண்காட்சிகளும் பரிசுகளும் இருக்கின்றன. நாற்காலியிலிருந்து செயற்கைக் கால் வரையில் அந்தக் கலை தொடாத பொருள் இல்லை. நான் அதைப் பழிக்க வரவில்லை. ஆனால் அந்தக் கலையின் வரலாற்றில் நடந்த ஒரு நிகழ்ச்சி, நல்லெண்ணம் உள்ள எந்த மனிதனையும் சிறிது நேரம் நின்று யோசிக்க வைக்கும் என்று நினைக்கிறேன்.

தமிழில் 'ராட்டினம்' என்ற சொல்லுக்கு இரண்டு இடங்கள் உண்டு. கிணற்றடியில் இருப்பதும் ராட்டினம். திருவிழாவில் குழந்தைகளைச் சுமந்துகொண்டு சுற்றுவதும் ராட்டினம். இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன? தென்னாப்பிரிக்காவில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் தொழிலில் இருந்த ஒருவருக்கு இந்த எண்ணம் உதித்தது. குழந்தைகள் குடைராட்டினத்தைச் சுற்றி விளையாட வேண்டியது. அந்தச் சுழற்சியிலேயே பூமிக்கு அடியிலிருக்கும் தண்ணீர் மேலே ஏறி, உயரத்தில் இருக்கும் 2,500 லிட்டர்த் தொட்டியை நிரப்பிவிடும். தாய்மார்கள் குழாயைத் திறந்து குடத்தை நிரப்பிக்கொள்ளலாம். 1989-ல் விவசாயக் கண்காட்சி ஒன்றில் இதைப் பார்த்த டிரெவர் ஃபீல்டு என்ற விளம்பரத்துறைக்காரர், தொட்டியின் நான்கு பக்கங்களையும் விளம்பரப் பலகைகளாக்கினார். விளம்பர வருமானத்திலேயே பம்பைப் பழுது பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். 'பிளே பம்ப்' என்று அதற்குப் பெயர்.

எவ்வளவு அழகான கற்பனை! குழந்தையின் சிரிப்பிலிருந்து ஊருக்குத் தண்ணீர்! 2000-ஆம் ஆண்டில் உலக வங்கியின் பரிசு ஒன்று அதற்குக் கிடைத்தது. 2006-ல் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி லாரா புஷ், முன்னாள் ஜனாதிபதி கிளிண்டன் நடத்திய மாநாட்டு மேடையில், ஒரு கோடியே அறுபத்து நான்கு லட்சம் டாலர் உதவியை அறிவித்தார். 2010-க்குள் ஆப்பிரிக்க நாடுகளில் 4,000 பம்புகளை நாட்டிவிடுவது என்று இலக்கு வைத்தார்கள்.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஒரு பம்பு 2,500 பேருக்குத் தண்ணீர் தரும் என்றார்கள். மணிக்கு 1,400 லிட்டர் இறைக்கும் என்றும் சொன்னார்கள். ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்று மிகக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். 2,500 பேருக்கு 37,500 லிட்டர் வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 27 மணி வருகிறது. அதாவது குழந்தைகள் நாள் ஒன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும்! 2009-ல் இங்கிலாந்தின் 'கார்டியன்' பத்திரிகை இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியது. ஆரம்பப் பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான். ஆனாலும் மத்தாப்பு எரியும்போது யாருக்குக் கணக்குப் போடத் தோன்றும்?

கணக்கைவிட ஆழமான தவறு ஒன்றும் அதில் இருந்தது. விளையாட்டு என்றால் என்ன? விரும்பும்போது தொடங்கி, அலுத்தபோது விட்டுவிட்டு ஓடுவதுதானே விளையாட்டு? நிறுத்த உரிமை இல்லாத விளையாட்டுக்கு வேலை என்று பெயர். திருவிழா ராட்டினம் ஒரு தள்ளு தள்ளினால் தானாகச் சுற்றும்; அந்த வேகத்தில்தான் குழந்தைக்கு ஆனந்தம். தண்ணீர் இறைக்கும் ராட்டினமோ ஒவ்வொரு சுற்றிலும் கனக்கும். தள்ளுவதை விட்டால் நின்றுவிடும். குழந்தைகள் வந்தார்கள், சுற்றினார்கள், களைத்தார்கள், போய்விட்டார்கள். வீட்டில் உலை வைக்கத் தண்ணீர் வேண்டுமே! குடத்தோடு வந்த பெண்கள், வயதான பாட்டிகள் உட்பட, குழந்தைகளின் உயரத்துக்குச் செய்யப்பட்ட அந்தச் சக்கரத்தைக் குனிந்து தள்ளினார்கள். 2005-ல் இந்தப் பம்பைப் புகழ்ந்து அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் படம் எடுத்த ஏமி காஸ்டெல்லோ என்ற பெண் நிருபர், பிறகு மொசாம்பிக் நாட்டுக்குப் போய், பழுதாகி நின்ற பம்புகளையும் விளம்பரம் எதுவும் வராத தொட்டிகளையும் 2010-ல் படமாக்கிக் காட்டினார். ஏற்கெனவே இருந்த கைப்பம்பை அகற்றிவிட்டு இதை நட்ட இடங்களும் உண்டு.

இதில் வில்லன் யார்? நாவல் எழுதுகிறவன் வில்லனைத் தேடுவது இயல்புதான். தேடிப் பார்த்தால் அகப்படவில்லை. கண்டுபிடித்தவர் நல்லவர். பணம் கொடுத்தவர்கள் நல்லவர்கள். எல்லோரும் தாகத்தைத் தீர்க்கத்தான் விரும்பினார்கள். அப்படியானால் தவறு எங்கே நுழைந்தது?

கடைத்தெருவில் ஒருவன் செருப்பு வாங்கினால், கடிக்கப்போவது அவன் காலைத்தான். கடித்தால் மறுமுறை அந்தக் கடைக்குப் போகமாட்டான். விலை கொடுப்பவனும் பயன்படுத்துபவனும் ஒருவனாக இருக்கும் வரையில் பொருளுக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. தானப் பொருளுக்கு அந்தக் கடிவாளம் இல்லை. விலை கொடுப்பவர் நியூயார்க்கில் இருக்கிறார். தண்ணீர் எடுப்பவள் மொசாம்பிக்கில் இருக்கிறாள். பொருள் யாருடைய மனத்தைக் கவர்ந்தால் விற்பனையாகுமோ அவருக்கு ஏற்றபடிதான் அது உருவெடுக்கும். சிரித்துச் சுற்றும் குழந்தையின் புகைப்படம் நியூயார்க்கில் இருப்பவருடைய கண்ணை நனைத்தது. அந்தப் புகைப்படத்துக்காகவே அமைந்த பொருள் அது என்று சொன்னால் கொடுமையாகத் தோன்றலாம், ஆனால் பொய்யாகாது. தானம் வாங்கியவளால் அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. "இது வேண்டாம்" என்று சொல்லக்கூட அவளை யாரும் கேட்கவில்லை.

கதை எழுதுகிறவர்களுக்கு இந்த ஆபத்து நன்றாகப் புரியும். ஒரு சாமர்த்தியமான திருப்பம் மனத்தில் தோன்றிவிட்டால், அதற்காக ஒரு பாத்திரத்தை அழ வைக்கவும் சாக வைக்கவும் கை துறுதுறுக்கும். அந்தப் பாத்திரம் தன் சுபாவப்படி அழுமா, சாகுமா என்று கேட்கத் தோன்றாது. கதையிலாவது, அப்படிச் சிதைந்து போகிறவர்கள் காகிதத்தில் வாழ்கிறவர்கள்.

இப்போது வேறொரு பம்பைப் பாருங்கள். உங்கள் தெருமுனையிலேயே நின்றிருக்கும். நீங்கள் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டீர்கள். அதுதான் அடிபம்பு.

1960-களின் கடைசியில், பீகார்ப் பஞ்சத்தை அடுத்து, நம் நாட்டில் பாறை நிலங்களில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றின் மேல் வார்ப்பிரும்புப் பம்புகளை வைத்தார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு குடும்பத்தின் கொல்லைப்புறத்துக்காகச் செய்த பம்பின் நகல்கள் அவை. நம் ஊரிலோ விடியற்காலையிலிருந்து இருட்டும் வரை நூற்றுக்கணக்கான கைகள் அதை அடிக்கும். தாங்குமா? 1970-களின் நடுவில் கணக்கெடுத்தபோது முக்கால்வாசிப் பம்புகள் வேலை செய்யவில்லை. மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலும் ஷோலாப்பூரிலும் கிராமங்களில் தொண்டு செய்துகொண்டிருந்த சிலர் உடைந்த பம்புகளைப் பார்த்துப் பார்த்து, வார்ப்பிரும்பை விட்டு எஃகுக்கு வந்தார்கள். கைப்பிடிக்கு ஒற்றை அச்சு கொடுத்து, ஒரு சங்கிலியைக் கோத்து, உள்ளே இருக்கும் கம்பி கோணாமல் நேராக ஏறி இறங்கும்படி செய்தார்கள். அதை அடிப்படையாக வைத்து அரசாங்கமும் யூனிசெஃப் நிறுவனமும் சென்னையில் இருந்த ரிச்சர்ட்ஸன் அண்டு குருட்டாஸ் கம்பெனியும் சேர்ந்து உருவாக்கியதுதான் 'இந்தியா மார்க் 2'. யாரும் அதற்குத் தனியுரிமை கொண்டாடவில்லை. தரத்துக்கு உட்பட்டு எந்தப் பட்டறையும் அதைச் செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. மார்க் 2 பழுதானால் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு வண்டியும் ஆட்களும் வர வேண்டும். வரும் வரையில் ஊர் காத்திருக்க வேண்டும். ஆகவே 1980-களில் கோயம்புத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் ஆண்டுக்கணக்காகச் சோதனை நடத்தினார்கள். எந்தப் பாகம் எத்தனை நாளில் தேய்கிறது, கழற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தார்கள். முடிவில் குழாயை அகலமாக்கினார்கள். அதனால் உள்ளே இருக்கும் பிஸ்டனை மட்டும் உருவி எடுத்து வாஷரை மாற்ற முடிந்தது. கொஞ்சம் கருவிகளும் பழகிய கையும் இருந்தால் ஊர்க்காரரே செய்துகொள்ளக்கூடிய வேலை. 'மார்க் 3' என்று அதற்குப் பெயர். விலை சற்று அதிகந்தான். ஆனால் ஊர் தாகத்தோடு காத்திருக்கும் நாள்கள் குறைந்தன.

குழாயை அகலப்படுத்தியதற்காக யார் மேடை போட்டு மாலை சூட்டுவார்கள்? அதைப் புகைப்படம் எடுத்தால் எந்தக் கண் நனையும்? ஆனாலும் சொல்கிறேன், ராட்டினத்தில் இருந்ததைவிட அதிகமான கற்பனை அந்த அகலக் குழாயில் இருக்கிறது. பழுதான நாளன்று, வெறுங்குடத்தோடு நிற்கும் ஒரு பெண்ணை மனத்தில் கண்ட கற்பனை அது. ராட்டினத்தின் கற்பனை திறப்பு விழா நாளோடு நின்றுவிட்டது. இந்தக் கற்பனை ஐந்தாவது வருஷத்துக் கோடைகாலம் வரை நடந்துபோயிற்று.

"அப்படியானால் புதுமையே கூடாதா? விளையாட்டும் அழகும் ஏழைகளுக்கு வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அடிபம்பை அடித்துத் தோள் வலித்த தாய்மார்களிடம் போய், "இதுவே போதும்" என்று உபதேசம் செய்ய எனக்கு உரிமை இல்லை. குறைந்த உழைப்பில் நிறையத் தண்ணீர் தரும் எதையும் அவர்கள் இரு கையாலும் வரவேற்பார்கள். நிலத்தடி நீர் கீழே போய்விட்டதால் பல ஊர்களில் அடிபம்புகள் வெறுமனே நிற்கவும் செய்கின்றன. எந்தப் பொருளும் நிரந்தரமல்ல. புதுமை வேண்டும், அழகும் வேண்டும். பயன்படுத்துகிறவளைக் கேட்டுப் பிறந்த புதுமையாக அது இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராட்டினத் திட்டத்துக்குப் பெரும்பணம் கொடுத்த அறநிலையத்தின் தலைவி ஜீன் கேஸ், 2010-ல், தாங்கள் எண்ணியபடி நடக்கவில்லை என்பதைப் பகிரங்கமாக எழுதினார். தானம் கொடுத்தவர்கள் பொதுவாகச் செய்யாத காரியம் அது. கொடுப்பதோடு கடமை தீர்ந்தது என்று நினைக்காமல், கொடுத்த பொருள் என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்ததால்தான் அப்படி எழுத முடிந்தது. நல்லெண்ணம் என்பது கொடுக்கும்போது மனத்தில் எழும் நெகிழ்ச்சியோடு முடிந்துவிடுகிறதா, அல்லது திரும்பிப் போய்ப் பார்ப்பதும் அதில் சேர்ந்ததா? சேர்ந்தது என்றே நான் நினைக்கிறேன். வாங்கியவரால் திருப்பிக் கொடுக்க முடியாத பொருள் என்றால், கொடுத்தவர் திரும்பி வரத்தான் வேண்டும்.

இது பம்புகளைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. மகள் வீட்டுக்கு நாம் வாங்கிக் கொடுக்கும் சீர், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நாம் கொடுக்கும் நன்கொடை, வயதான பெற்றோருக்கு வெளியூர் மகன் அனுப்பும் புதுமையான கருவிகள் எல்லாவற்றிலும் இதே கேள்வி இருக்கிறது. அந்தப் பெட்டியைப் பிரிக்கும்போது அவர்கள் முகத்தில் என்ன தெரியும் என்று எண்ணிப் பார்க்க நமக்குப் பிடிக்கும். ஆறு மாதம் கழித்து, அது எந்த அறையில், எந்த நிலையில் இருக்கிறது என்று போய்ப் பார்க்க நம்மில் எத்தனை பேருக்கு மனம் வரும்?