அழுக்கு யாருடையது?

ஒரு சட்டையைத் துவைக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கேட்டால், பொறியாளனாக என்னால் ஒரு எண்ணைச் சொல்லிவிட முடியும். முன்பக்கம் திறக்கும் இயந்திரம் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 50 லிட்டர் எடுக்கும். மேல்பக்கம் திறப்பதில் பல 100 லிட்டரைத் தாண்டும். உள்ளே எத்தனை சட்டை போட்டோமோ அதால் வகுத்தால் விடை வந்துவிடும். ஆனால் தண்ணீர் அளவோடுதான் இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் கேள்வி அங்கே முடிவதில்லை. 'யாருக்கு எவ்வளவு?' என்ற அடுத்த கேள்வி பின்னாலேயே வந்து நிற்கும். அதற்கு விடை சொல்ல என் படிப்பு போதவில்லை.

இதை நான் யோசிக்கத் தொடங்கியது ஓர் இழுவைப் படகில். கப்பல் பம்புகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. கிள்ளான் துறைமுகத்திலிருந்து கிளம்பிய அந்தப் படகில், மலாக்கா நீரிணையில் ஒன்பது நாள் இருந்தேன். நல்ல தண்ணிக்கு ஒரே தொட்டி. பக்கத்திலேயே அளவு காட்டும் கண்ணாடிக் குழாய். காலையில் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கப் போவார்கள்.

கடல் தண்ணியில் துவைத்தால் என்ன என்று தோன்றும். துவைக்கலாம். சாதாரண சோப்பு அதில் சரியாக நுரைக்காது. கடல்நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பாகத் திரிந்துவிடும். தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு ஓரளவு நுரைக்கும் என்பதால் மாலுமிகளுக்கென்றே அதைத் தனியாகச் செய்தார்கள். சலவைத்தூள் வந்த பிறகு அந்தச் சிக்கலும் குறைந்துவிட்டது. பிரச்சினை துவைப்பதில் இல்லை, அலசுவதில்தான். துணியில் உப்பு தங்கிவிட்டால் அது காயவே காயாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். நம் பக்கத்து இரவுக் காற்று பெரும்பாலும் அதற்கு மேல்தான். பகலில் மொறமொறவென்று காய்ந்த சட்டை ராத்திரி மறுபடி நசநசக்கும். கழுத்தும் அக்குளும் உராய்ந்து புண்ணாகும்.

படகின் செராங், நாகப்பட்டினம் பக்கத்து அண்ணன், முதல் நாளே சொல்லிவிட்டார். "தம்பி, சோப்பு போடுறது கடல் தண்ணியில. நல்ல தண்ணி அலசுறதுக்கு மட்டும். அதையும் ஒரேயடியா ஊத்தாத. கொஞ்சம் கொஞ்சமா ஊத்து, ஒவ்வொரு தடவையும் முறுக்கிப் பிழி."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பிழிந்த பிறகும் துணியில் ஒரு லிட்டர் சோப்புத் தண்ணி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லிட்டரை ஒரே தடவையில் ஊற்றி அலசிப் பிழிந்தால் பதினொன்றில் ஒரு பங்கு சோப்பு மிஞ்சும். அதே பத்து லிட்டரை ஐந்து ஐந்தாகப் பிரித்து, நடுவில் ஒருமுறை பிழிந்தால் முப்பத்தாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். தண்ணீர் அதேதான். கை வேலைதான் கூடுதல்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு விதி. துவைக்க ஆளுக்கு ஒரு வாளி நல்ல தண்ணி. கேப்டனுக்கும் ஒன்றுதான், எனக்கும் ஒன்றுதான். என்ஜின் ரூமில் வேலை செய்கிறவருக்கு மட்டும் இரண்டு. அது எப்படி நியாயம் என்று செராங்கிடம் கேட்டேன். குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

"அவன் சட்டையில இருக்குறது அவன் அழுக்கு இல்ல தம்பி. கப்பலோட அழுக்கு. நாம எல்லாரும் போறதுக்குத்தான அவன் அதுக்குள்ள நிக்கிறான்?"

இதைக் கேட்டு, கடலில் இருந்தாலே மனிதருக்கு நியாய புத்தி வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகளை நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்கும் கிள்ளானுக்கும் கொண்டுவந்த ரஜுலா 1926-இல் கட்டப்பட்ட கப்பல். அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. அதில் அறைப் பயணி உண்டு, திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்த தளப் பயணியும் உண்டு. ஒரே கப்பலில் போவதால் மட்டும் எல்லோரும் ஒன்றாகிவிடுவதில்லை. தொட்டி கண்ணுக்குத் தெரிந்தால் பங்கு போட்டே ஆக வேண்டும் என்பது தெரியும், அவ்வளவுதான். எப்படிப் பங்கு போடுவது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

மஸ்ஜித் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் ஆறு பேர் சேர்ந்து தங்கியிருக்கிறோம். நான்கு பேருக்குத் துணிக்கடையில் வேலை. ஒரு அண்ணன் உணவகத்தில் ரொட்டி சானாய் போடுகிறார். ஆறாவது ஆள் நான். 2020 செப்டம்பர் 3-ஆம் தேதி, ரவாங் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக் கழிவு சுங்கை கோங்கில் கலந்து சிலாங்கூர் ஆற்றுக்குப் போனது. நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தினார்கள். ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. எங்கள் குழாயும் நின்றது. லோரியிலிருந்து பிடித்து வந்த தண்ணீரும் மொட்டை மாடித் தொட்டியின் மிச்சமும்தான் எங்கள் கையிருப்பு.

உடனே ஒரு விதி போட்டோம். துவைக்க ஆளுக்கு ஒரு வாளி. ரொட்டி சானாய் அண்ணனுக்கு அது பற்றவில்லை. நெய்யும் குழம்பும் தெறித்த சட்டை ஒரு வாளியில் போகாது. மறுநாள் சுத்தமான சட்டையோடு போகாவிட்டால் கடையில் பேச்சு வாங்குவார். நடுராத்திரி தாண்டி வருகிற மனிதர், யாரையும் எழுப்பாமல் அந்த ஒரு வாளியோடு குளியலறைக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். நான் செராங் சொன்னதை எடுத்துச் சொல்லி, அவருக்கு இரண்டு வாளி கொடுக்கலாம் என்றேன். ஏசி கடையில் நிற்கிறவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் துவைக்கலாம், நானும் அப்படியே செய்கிறேன் என்றேன்.

துணிக்கடைத் தம்பி ஒருத்தன் ஒத்துக்கொள்ளவில்லை. "சமம்னா சமம்ணே. இன்னிக்கு இவருக்கு ரெண்டுன்னா நாளைக்கு எல்லாரும் என் வேலதான் அழுக்குன்னு வந்து நிப்பாங்க. அத யாரு அளக்குறது?"

அவனைச் சுயநலக்காரன் என்று தள்ளிவிட முடியாது. படகில் அளக்க ஒரு செராங் இருந்தார். அவர் சொன்னால் கேட்பார்கள். எங்கள் வீட்டில் செராங் கிடையாது. ஒருவரை ஒருவர் சரியாக அறியாதவர்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, ஆளுக்கு ஒன்று என்ற கணக்குதான் பாதுகாப்பு. அது வலியவன் எளியவனை ஏய்க்காமல் தடுக்கும். தேவைக்கேற்ற பங்கு என்று ஆரம்பித்தால், சத்தமாகப் பேசத் தெரிந்தவனின் தேவைதான் எப்போதும் பெரிதாகத் தெரியும். ரொட்டி சானாய் அண்ணனோ வாயே திறக்கவில்லை. "விடுங்கப்பா, நான் கடையிலயே அலசிக்கிறேன்" என்றார்.

அந்த வார்த்தைக்குப் பிறகுதான் தம்பி இறங்கி வந்தான். கேட்காதவனுக்குக் கொடுக்கலாம் என்பது அவன் முடிவு. இன்றுவரை அதை நான் முழுதாக ஏற்கவில்லை. தேவை இருப்பவன் வாய் மூடியிருந்தால்தான் கிடைக்கும் என்பதும் ஒரு அநியாயம்தானே? கேட்பவனின் நல்ல குணத்துக்குப் பரிசாக ஒரு வாளி போவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த எண்ணெய் கோலாலம்பூர் சாப்பிட்ட ரொட்டியின் எண்ணெய். நாங்கள் ஐந்து பேரும் அவர் கடையில்தான் பசியாறுவோம். அவர் சட்டையில் எங்கள் பங்கும் இருக்கிறது. அதனால்தான் இரண்டாவது வாளி.

இவ்வளவு யோசிக்க வேண்டுமா, அணை நிறைந்தால் பிரச்சினை தீர்ந்ததே என்று நண்பர்கள் கேட்டார்கள். பாதி நியாயமான கேள்வி. மஸ்ஜித் இந்தியாவில் நான் மிச்சம் பிடிக்கும் ஒரு வாளி, கிளந்தானில் கலங்கல் தண்ணி வரும் வீட்டுக்குப் போகாது. நிறைந்த அணையில் மிச்சமாகும் தண்ணீர் வழிந்து கடலுக்குத்தான் போகும். 'தண்ணி இல்லாதவர்களை நினைத்துப் பார்' என்ற அறிவுரை கேட்க நன்றாக இருக்கும், ஆனால் குழாய் அப்படிப் போடப்படவில்லை. விலையும் எதையும் உணர்த்துவதில்லை. 2024 பிப்ரவரியில் கட்டணம் உயர்ந்த பிறகும் வீடுகளுக்கு முதல் 20 கன மீட்டர்வரை ஆயிரம் லிட்டர் 65 சென்தான். 50 லிட்டர் இயந்திரம் ஒருதடவை ஓட மூன்று சென்னுக்குக் கொஞ்சம் மேல்.

ஆனால் நிறைந்த அணை பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. தண்ணீருக்கு இரண்டு முனை உண்டு. எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று, எங்கே போகிறது என்பது இன்னொன்று. படகில் இரண்டுமே கண்முன்னால் இருந்தன. இந்தப் பக்கம் தொட்டி, அந்தப் பக்கம் கடல். நகரத்தில் இரண்டும் மறைந்துவிட்டன. பகாங்கிலிருந்து சிலாங்கூருக்கு நீர் கொண்டுவர மலையைக் குடைந்து போட்ட சுரங்கம் 44.6 கிலோமீட்டர். தண்ணீரைக் குடிக்கும் எங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? மறுமுனையில், எங்கள் கடைவீட்டின் துவைத்த தண்ணி பின்சந்து லோங்காங்கில் விழுகிறது. மஸ்ஜித் ஜாமெக் பின்னால் கோம்பாக்கும் கிள்ளானும் கலக்கும் இடம் நடக்கும் தூரம்தான். அங்கே கலந்து, துறைமுகம் தாண்டி, செராங் அண்ணன் வாளி விட்டு மொண்ட அதே நீரிணைக்குப் போய்ச் சேர்கிறது.

2024 ஆகஸ்ட் 23 காலை ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் உள்ளே போய்விட்டார். ஒன்பது நாள் தேடினார்கள். கழிவுநீர்க் குழாய்களுக்குள் ஆட்கள் இறங்கினார்கள். அவர் கிடைக்கவேயில்லை. அந்தத் துயரத்தை நான் உவமையாக்க விரும்பவில்லை. ஆனால் எங்கள் காலடியில் இவ்வளவு ஓடுகிறது என்பதை அந்த நாட்களில்தான் தெரு முழுவதும் பேசியது. அதற்குள் இறங்கி வேலை செய்யும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதையும் அப்போதுதான் பார்த்தோம்.

நாம் செய்கிற சுத்தம் எதுவும் அழுக்கை இல்லாமல் ஆக்குவதில்லை. இடம் மாற்றுகிறது. என் சட்டையிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து ஆற்றுக்கு, அல்லது இன்னொருவர் கைக்கு. நம் சமூகம் இதை நன்றாகத் தெரிந்துகொண்டே அந்தக் கையை ஒதுக்கி வைத்தது. ஊராரின் தீட்டுத் துணியைத் துவைத்த வண்ணாருக்கு அந்தத் தீட்டையே பெயராக ஒட்டிவிட்டார்கள். தாழ்த்தப்பட்டோருக்குத் துவைத்த புதிரை வண்ணார் பகலில் கண்ணிலேயே படக்கூடாது என்ற கொடுமையும் தென் தமிழகத்தில் இருந்தது. துவைத்த துணி வேண்டும், துவைத்தவர் கண்ணில் படக்கூடாது. மலேசியாவில் 'டோபி' என்பது கடைப்பலகையில் எழுதும் சாதாரணச் சொல். அது வடஇந்தியச் சலவைச் சாதியின் பெயர் என்று காசு போட்டு இயந்திரத்தை ஓட்டுகிற யாருக்கும் நினைவில்லை. அது நல்லதுதான். கையால் துவைத்த காலமே பொற்காலம் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. இயந்திரம் ஒரு இழிவை நீக்கியிருக்கிறது. கூடவே, அழுக்கு எங்கே போகிறது என்ற கேள்வியையும் சேர்த்து நீக்கிவிட்டது.

2020-இல் நடந்ததும் இதுதான். மேலே ஒருவர் தம் அழுக்கைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விட்டார். கீழே அதுதான் எல்லோருடைய தொட்டி. படகில் தொட்டிக்குள் அழுக்கைக் கொட்ட ஒருவருக்கும் மனம் வராது. ஆறும் தொட்டிதான் என்பது நமக்கு உறைப்பதில்லை.

ஆகவே, சிக்கனமாகத் துவையுங்கள் என்று சொல்லி இதை முடிக்க எனக்கு மனமில்லை. தண்ணீர் வெட்டு நாளில் லிட்டர் கணக்கு முக்கியம், மற்ற நாளில் அவ்வளவு இல்லை. எல்லா நாளும் கேட்க வேண்டியது வேறு. இந்த அழுக்கு யார் வேலையால் வந்தது, இது போய்ச் சேரும் இடத்தில் யார் இருக்கிறார்கள்? சமையல்காரரின் சட்டை, குப்பை அள்ளுகிறவரின் கையுறை, தாதியின் சீருடை எல்லாம் அவரவர் சொந்த அழுக்கு என்று நினைக்கிறவரை ஆளுக்கு ஒரு வாளி என்பது நியாயமாகத்தான் தெரியும்.