கணிப்பொறி அண்டமும் குயவன் குடமும்

விருத்தாசலம் என இந்நாளில் வழங்குந் திருமுதுகுன்றம் பீங்கான் தொழிலாற் பெயர்பெற்றது. அதற்கு மேற்கே மங்களூர்ப் பக்கத்து வாழ்வார்க்கும் களிமண்ணுஞ் சூளையும் புதியன அல்ல. ஆதலின், குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரங்கள் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்னுஞ் சித்தாந்த உவமை அவர்க்கு விரிக்க வேண்டாமலே விளங்கும். அவ்வுவமைக்குக் கணிப்பொறியால் ஓர் ஆசங்கை எழுந்துள்ளது.

விண்மீன்கள் ஒன்றையொன்று ஈர்த்துத் திரளுமாற்றை எண்களால் நிகழ்த்திக் காண்டலே அப்பொறியின் செயல். ஆயிரம் மீன்களுக்கு 4,99,500 இணைகள் உள. ஒவ்வோரிணையின் ஈர்ப்பையுங் கணித்து, மீன்களைச் சிறிது நகர்த்தி, மீட்டுங் கணித்தல் வேண்டும். பொறி வருமுன்னரே, 1941-இல், சுவீடன் நாட்டு ஹோல்ம்பெர்க் என்பார் இதனை மின்விளக்குகளாற் செய்தார். ஒளியும் ஈர்ப்பும் தொலைவின் வர்க்கத்துக்கேற்பக் குறைவன. ஆதலின் ஒளியை அளந்து ஈர்ப்பை அறிந்தார். மண்டிலம் ஒன்றுக்கு 37 விளக்காக இரண்டு மண்டிலம் அமைத்தார். மிக அழகிய உபாயம்! சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், கூட்டத்தினூடு செல்லும் மீன் தன் பின்னே திரளும் மீன்களின் ஈர்ப்பால் விரைவு குன்றும் என்பதை 1943-இற் கணிதத்தாற் காட்டினார். 2005-இல் வெளிவந்த மில்லெனியம் என்னுங் கணிப்பிலோ ஆயிரங்கோடிக்கு மேற்பட்ட துகள்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய நூறுகோடி ஞாயிறுகளின் நிறையுடையதாகக் கொள்ளப்பட்டது.

தொடக்கத்து நுண்ணிய ஏற்றத்தாழ்வு ஈர்ப்பினால் இழையும் முடிச்சுமாக வளர்தல் கண்டு, “வனைவோன் யாண்டையான்? உலகு தானே ஆயிற்றன்றோ?” என்பர் ஒருசாரார். “நிரல் எழுதினான் ஒருவன் உளனன்றோ? அவன்போல இறைவனும் உளன்” என விடையிறுத்து மகிழ்வர் சைவருட் சிலர். அவ்விடை போதாது. நிரல் எழுதினோன் ஆக்கியது எண்வரிசையை, வானத்தையன்று. சூளையின் படத்தை எழுதினான் உளனாதல் கொண்டு சூளைக்கு உடையான் உளன் என்பது பெறப்படுமோ? ஏது பக்கத்தின்கண் இல்லாமையின் இதனை அசித்தம் என விலக்குவர் தருக்கநூலார். நம்மவர் வாதமாயினும் போலி போலியே.

மறுதலையார் கூற்றும் நில்லாது. அவர் ‘தானே’ என்னுஞ் சொல்லை ஆராயாது வழங்கினர். ஈர்ப்புவிதியும் தொடக்கநிலையும் அக்கணிப்பில் முன்னரே வைக்கப்பட்டன. அணுகிய துகள்களிடை ஈர்ப்பு எல்லையின்றிப் பெருகாவாறு அதனைத் தளர்த்தலும் உண்டு. வைத்ததே விளைந்தது. விதி எங்ஙனம் உளதாயிற்று என்னும் வினா அக்கணக்கினுட் புகுந்ததே இல்லை. உள்ளதே தோன்றும் என்னுஞ் சற்காரியவாதத்துக்கு இஃது இசைவதாயினும், நிமித்தகாரணனை நாட்டவோ மறுக்கவோ சான்றாகாது. சிவஞானபோத முதற்சூத்திரம் உலகம் முத்தொழிற்படுதலையே ஏதுவாகக் கொண்டது. அவ்வேது வானத்தின்கண்ணே உளதோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.