மேஜையில் கிடந்த செய்தி



இந்த மாதம் ஒரு கடற்படை வாலிபனை உங்களுக்கு ஞாபகப்படுத்த ஆவியானவர் என்னை ஏவினார்.

அவன் பெயர் ஜார்ஜ் சல்லிவன். அமெரிக்காவில் அயோவா மாநிலம், வாட்டர்லூ ஊர்க்காரன். இரண்டாம் உலகப் போரில் அவனும் அவன் தம்பிமார் நால்வரும் ஜூனோ என்ற ஒரே போர்க்கப்பலில் இருந்தார்கள். 1942 நவம்பர் 13-ல் குவாடல்கனால் தீவுப் பக்கம் ஜப்பானிய நீர்மூழ்கியின் குண்டு பாய்ந்தது. கண் மூடித் திறப்பதற்குள் கப்பல் இல்லை! யாரும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று எண்ணி மற்றக் கப்பல்கள் நிற்காமல் போய்விட்டன.

ஆனால் சுமார் 100 பேர் தண்ணீரில் உயிரோடு தத்தளித்தார்கள். ஜார்ஜ் தன் தம்பிகளைத் தேடித் தேடிக் கூப்பிட்டானாம்.

மேலே பறந்த விமானத்துக்குச் செய்தி கொடுக்கப்பட்டது. ரேடியோவில் பேசத் தடை இருந்ததால், இறங்கின பிறகு எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் மற்றக் காகிதங்களோடு கிடந்துவிட்டது. தேடிப்போக நாட்கள் ஆயின. வெயில், தாகம், சுறா மீன். கடைசியில் கடலிலிருந்து தப்பினவர்கள் 10 பேர்தான். ஜார்ஜ் அதில் இல்லை. ஐந்து பிள்ளைகளைக் கொடுத்த தாய்க்கு ஒரு கல்லறைகூட இல்லை.

பிரியமானவர்களே, இதை வாசித்தபோது ஆண்டவர் என் டைரியைக் காட்டினார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு தாயார், "பாஸ்டர், பையன் குடிக்கிறான், ஒருதரம் வந்து பேசுங்க" என்று அழுதார்கள். "வியாழக்கிழமை வர்றேம்மா" என்று டைரியில் குறித்தேன். புதன்கிழமையே அவன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். இன்றுவரை தகவல் இல்லை. அந்த அம்மா இன்றும் முன்வரிசையில் முழங்காலில் நிற்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசுகிறது.

எங்களுக்குத் தெரியாது என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது என நீதிமொழிகள் 24:11, 12 எச்சரிக்கிறது. செய்தி வந்துவிட்டது! உங்கள் மேஜையில் கிடப்பது யாருடைய பெயர்? நாளைக்குப் பார்த்துக்கலாம்னு வைக்காதீர்கள். இன்றைக்கே போங்கள்.

ஜூனோவின் சிதைவுகளை 2018-ல் சுமார் 4,200 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். மனுஷன் தேட 75 வருஷம் ஆனது. நம் ஆண்டவருக்கோ அந்த இடம் என்றும் தெரியும். சமுத்திரமும் தன்னிடத்தில் உள்ளவர்களைத் திருப்பித் தரும் நாள் ஒன்று உண்டு (வெளி. 20:13). கல்லறையில்லாத பிள்ளைகளின் தாய்மாரே, திடன்கொள்ளுங்கள்!

அந்த வாலிபனுக்காகவும் எனக்காகவும் ஜெபியுங்கள். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.