தாராவியும் தகுதித் தேதியும்

மும்பை தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் யாருக்கு என்ன வீடு என்பதைத் தேதிகள் தீர்மானிக்கின்றன. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதற்கு ஆதாரம் வைத்திருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன் பிறகு, 2011 ஜனவரி 1-க்கு முன் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி. அதற்கும் பிந்தியவர்களுக்கும் மாடி அறைகளில் இருப்பவர்களுக்கும் வெளியே வாடகை வீடு. பணம் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். ரேஷன் அட்டையையும் மின்கட்டண ரசீதையும் பார்த்து நடக்கும் இந்தக் கணக்கெடுப்பின் அடியில் ஒரு பழைய தத்துவக் கேள்வி கிடக்கிறது. நகரத்தில் இருக்கும் உரிமை ஒருவருக்கு எதனால் வருகிறது? உடைமையாலா, உழைப்பாலா, உயிர் வாழ வேண்டும் என்பதாலா?

உடைமையே அடிப்படை என்பது முதல் விடை. தாராவி நிலத்தில் பெரும்பகுதி மாநகராட்சிக்கும் அரசுக்கும் உரியது. அங்கே குடிசை போட்டவர் ஆக்கிரமிப்பாளர். 2000-இல் அல்மித்ரா பட்டேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆக்கிரமித்தவருக்கு இலவச மனை கொடுப்பதைப் பிக்பாக்கெட்காரருக்குப் பரிசு கொடுப்பதோடு ஒப்பிட்டது. தொலைவிலுள்ள புறநகர் விராரிலிருந்து தினமும் ரயிலேறி வந்து, வாடகையும் வரியும் கட்டுகிறவரின் நியாயம் இதில் இருக்கிறது. ஆனால் பத்திரமுள்ள மனையும் தானாக முளைத்ததல்ல. 1896 பிளேக்குக்குப் பின், 1898-இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நெரிசலான குடியிருப்புகளை இடித்தது; தாதர், மாட்டுங்கா பகுதிகளில் நிலத்தைக் கையகப்படுத்திச் சாலையும் மனையும் வகுத்தது. அங்கே எழுந்த வீடுகளில் தென்னிந்திய நடுத்தர வர்க்கம் குடியேறியது. பக்கத்திலேயே தாராவியின் சதுப்பு, நகரம் தன் நடுவில் வைத்துக்கொள்ள விரும்பாத தோல் பதனிடும் தொழிலுக்கு இடமானது. திட்டமிட்ட மாட்டுங்காவும் திட்டமிடாமல் விடப்பட்ட தாராவியும் ஒரே நிர்வாகத்தின் விளைவுகள்.

உழைப்பே உரிமை தருகிறது என்பது இரண்டாவது விடை. ஒருவர் தன் உழைப்பைக் கலந்த நிலம் அவருடையதாகிறது என்று 17-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் வாதிட்டார். தாராவிக்கு இது அச்சாகப் பொருந்தும். மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய சேற்று நிலத்தை மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கியவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தோல் தொழிலாளர்கள், சௌராஷ்டிரத்துக் குயவர்கள் போன்றோர்தாம். எனினும் இந்த வாதம் எல்லாரையும் காப்பதில்லை. அவர்களுக்கு முன்பே கழிமுகத்தில் மீன்பிடித்த கோலி மக்கள் நிலத்தை மாற்றவில்லை என்பதற்காக அவர்கள் உரிமை குறைந்துவிடாது. மேலும், குடிசையைக் கட்டி வாடகைக்கு விட்டவருக்கு உரிமை தரும் வாதம், அதன் மாடியில் தையல் இயந்திரத்தின் அருகிலேயே படுத்துறங்கும் தொழிலாளியை விட்டுவிடுகிறது.

உயிர் வாழும் தேவையே உரிமை தருகிறது என்ற மூன்றாவது விடைக்குச் சட்ட வடிவம் கொடுத்தது 1985-இன் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு. 1981-இல் மகாராஷ்டிர அரசு பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றத் தொடங்கியதில் எழுந்த வழக்கு அது. அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் அகற்றுவதை அது தடுக்கவில்லை. மழைக்காலம் முடியும்வரை தள்ளிவைத்தது. மாற்று இடமும் 1976 கணக்கெடுப்பில் இருந்தவர்களுக்கே. உயிரில் தொடங்கிய வாதமும் ஒரு தேதியில்தான் வந்து நின்றது.

அகற்றுமுன் அறிவிப்பு தர வேண்டும், பேச்சைக் கேட்க வேண்டும் என்பது இந்தத் தீர்ப்பு விட்டுச்சென்ற நெறி. கேட்பவர் யார் என்பது நகரத் தலைமை பற்றிய கேள்வி. 1992-இன் 74-ஆம் திருத்தம் நகராட்சிகளைத் தன்னாட்சி அமைப்புகளாகக் கருதியது. மும்பையிலோ 1888-இன் மாநகராட்சிச் சட்டத்தின்படி நிர்வாக அதிகாரம் அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. மேயர் பதவி பெரும்பாலும் சடங்கு சார்ந்தது. தாராவித் திட்டம் மாநகராட்சியின் கையிலும் இல்லை. அதானி குழுமம் 80 சதவீதமும் மாநில அரசு 20 சதவீதமும் பங்கு கொண்ட நிறுவனம் அதை நடத்துகிறது. 2022 மார்ச்சில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பின், தாராவி ஒப்பந்தம் முடிவான காலத்தில், கவுன்சிலர்களே இல்லை. வார்டில் ஒருவரைப் பிடித்துக் கேட்கும் வழியும் அப்போது அடைபட்டிருந்தது.

நிலைத்த வளர்ச்சி என்ற கொள்கை இந்தக் கேள்வியை இன்னும் விரிக்கிறது. 1987-இல் ப்ரண்ட்லாண்ட் ஆணையம் தந்த விளக்கப்படி, இன்றைய தேவைகளை நிறைவேற்றும்போது வருங்காலத் தலைமுறையின் வாய்ப்பைக் கெடுக்கக் கூடாது. மும்பை 2022-இல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம் 2050-ஐ இலக்காகக் கொண்டது. வீடும் வேலையும் நடைதூரத்தில் இருப்பது, நகரத்தின் பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து மறுசுழற்சி செய்வது என்று இக்கொள்கை கேட்பவற்றில் பலவும் தாராவியில் ஏற்கெனவே நடக்கின்றன. அங்கே வெளிச்சம் புகாத சந்துகளும் நச்சுப்புகையும் வெள்ளமும் உண்டு. ஆகவே மாற்றம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. மாற்றத்தின் சுமை எங்கே இறங்குகிறது என்பதே அறம் சார்ந்த பிரச்சினை. தான்சா குடிநீர்க் குழாயோரம் அகற்றப்பட்டவர்கள், செம்பூரின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டிய மாஹுலுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தப் பகுதிக் காற்று உடல்நலத்துக்குக் கேடு என்று 2015-லேயே பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியிருந்தது. 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்கள் வேறிடம் செல்ல வாடகைப் பணம் தரச் சொல்லி உத்தரவிட்டது. இப்போது தாராவியின் ‘தகுதியற்றோர்’ வீடுகளுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் தேவ்னார் குப்பைக்கிடங்கு நிலமும் இருக்கிறது.

இங்கே ஒரு முரண் தெரிகிறது. வருங்காலத் தலைமுறை என்பது இன்னும் வந்தே சேராதவர்கள். அவர்களிடம் ரேஷன் அட்டை இல்லை. எந்தத் தேதிக்கும் முன்னால் அவர்கள் இருந்ததில்லை. ஆவணமே இல்லாத அவர்களுக்கு நகரம் கடமைப்பட்டது என்றால், 2012-இல் வந்து இன்று அங்கே உழைப்பவருக்குக் கடமைப்படவில்லை என்று சொல்ல இயலாது. வீடுகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதால் வரிசை தேவை. வரிசைக்குத் தேதியும் தேவைப்படலாம். அந்தத் தேதி யாருக்கு முதலில் என்பதைச் சொல்லலாம். நச்சுக்காற்றில்லாத இடத்தில், பிழைப்புக்கு எட்டும் தொலைவில் வாழும் உரிமை யாருக்கு இல்லை என்பதைச் சொல்லும் அதிகாரம் அதற்குக் கிடையாது.