தலைமடையில் ஒரு நகரம்

தஞ்சாவூரில் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் ஓடுவதைப் புது ஆறு என்கிறார்கள். பெயர்தான் ஆறு; உண்மையில் அது வெட்டிய வாய்க்கால். மேட்டூர் அணையோடு ஒரே திட்டமாகப் போட்டு, 1934-இல் பாசனத்துக்கு வந்த கல்லணைக் கால்வாய். காவிரி தானாக ஏற முடியாத மேட்டுநிலத்தில், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் நெல் விளைய வேண்டுமென்று வெட்டினார்கள். ஏறத்தாழ 149 கிலோமீட்டர் போய், புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலையில் முடிகிறது. இரண்டேகால் லட்சம் ஏக்கர் அதை நம்பியிருக்கிறது. தஞ்சாவூர் அது போகிற வழியில் இருக்கும் ஊர், அவ்வளவுதான். நகரத்தின் குழாய்த் தண்ணீர்கூடப் பெரும்பாலும் கொள்ளிடத்துப் பக்கமிருந்துதான் வருகிறது.

ஆனாலும் ஆடிப் பதினெட்டு அன்று அதன் படித்துறையைப் போய்ப் பார்க்க வேண்டும். காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு. புதுசாகக் கல்யாணமான பெண்கள் தாலி பிரித்துக் கட்டிக்கொள்கிறார்கள். பொறியாளர்கள் அளந்து வெட்டிய வாய்க்காலைக் காவிரியாகவே ஏற்றுக்கொள்ள நம் பெண்களுக்கு ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. தண்ணீர் வந்தது, கும்பிட்டார்கள்.

மற்ற நாளில் கதை வேறு. மேட்டூரை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். தை மாதக் கடைசியில் தண்ணீர் வடிந்ததும் ஆற்றின் வயிறு வெளியே தெரியும்: பிளாஸ்டிக் பை, இடித்த வீட்டுக் கல், கிழிந்த மெத்தை. கரையில் சீமைக்கருவேலமும் நெய்வேலிக் காட்டாமணக்கும். தேங்கிய குட்டையில் வெங்காயத்தாமரை. யாரைக் கேட்பது என்றால், கரை நீர்வளத் துறைக்கு, குப்பை மாநகராட்சிக்கு, புறம்போக்கு வருவாய்த் துறைக்கு. மரமென்று வந்தால் வனத்துறையும் சேர்ந்துகொள்ளும். டெல்டாக் கால்வாய்க் கரைகளில் தேக்கு வளர்த்தவர்கள் அவர்கள்தாம்.

நடுநடுவே நல்லவர்கள் கன்று நடுகிறார்கள். நீர்மருது, புங்கன், நாவல், இலுப்பை என்று மண்ணுக்கேற்ற மரமாகப் பார்த்துத்தான் நடுகிறார்கள். நடுவது மழைக்காலத்தில். அந்தக் கன்று பிழைக்குமா என்பதை முடிவு செய்வது சித்திரை மாதம். அப்போது ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஆற்றங்கரையில் நிற்கும் கன்றுக்கு வீட்டிலிருந்து குடத்தில் கொண்டுவந்து ஊற்றியாக வேண்டும். யார் ஊற்றுவது என்று நடுவிழா மேடையில் எவரும் பேசிக் கேட்டதில்லை.

இப்படிக் கேட்டால் உடனே எல்லோரும் எடுக்கும் ஆயுதம் குடிமராமத்து. அந்தக் காலத்தில் ஊரே கூடி வாய்க்கால் வெட்டினார்களாம், இப்போது மட்டும் ஏன் முடியாது? அரசும் 2016-17-இல் அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் நல்ல பெயர்தான். ஆனால் அந்த ‘ஊரே’ என்பதற்குள் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். மண்வெட்டி பிடித்தவரும் மண் சுமந்தவரும் பெரும்பாலும் நிலமில்லாத பண்ணையாட்கள். நிலம் வைத்திருந்தவர் ஆளை அனுப்பினார். இந்த வேலையைக் கட்டாயமாக்கி 1858-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே வந்தது. எல்லோரும் மனமுவந்து செய்திருந்தால் சட்டம் எதற்கு? படித்துறையிலும் இன்னார் இறங்கலாம், இன்னார் கூடாது என்ற கணக்கு இருந்தது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை கையுறை போட்டுக்கொண்டு கரையைச் சுத்தம் செய்து, படம் எடுத்துக்கொண்டு நாம் வீடு திரும்பிய பிறகு, கட்டிவைத்த மூட்டைகளைத் தூக்குவது தூய்மைப் பணியாளர்தான். பழைய வழக்கத்தில் இந்தப் பகுதி மட்டும் அப்படியே தப்பிப் பிழைத்திருக்கிறது.

இருந்தும் குடிமராமத்து நூற்றாண்டுக்கணக்கில் நிலைத்து நின்றது. காரணம் பாசமல்ல, பங்கு. வாய்க்கால் தூர்ந்தால் நாற்று காயும் என்ற பயம் ஒவ்வொரு நிலக்காரருக்கும் இருந்தது. நகரவாசிக்கு அந்தப் பயம் இல்லை. புது ஆறு தூர்ந்துபோனாலும் அவர் வீட்டில் அன்று சோறு பொங்கும்.

நகரவாசிக்கும் பங்கு இருந்தால் எப்படி என்பதற்குச் சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே பீஷான் – அங் மோ கியோ பூங்காவில், கால்லாங் ஆறு நேர்க்கோட்டுக் கான்கிரீட் வடிகாலாக இருந்தது. அந்தக் கான்கிரீட்டை உடைத்தெடுத்து, புல்லும் கல்லும் வளைவுமாக 2012-இல் மறுபடி ஆறாக்கினார்கள். நீர்நாய்கள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தன. போய்வந்த நம் ஊர்க்காரர்கள் மெச்சாமல் இருக்க மாட்டார்கள். மெச்சும்போது ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த ஆறு போய்ச் சேர்வது மரினா நீர்த்தேக்கத்தில். குடிநீராகத் திரும்பி வருகிறது. கரையில் குப்பை போடுபவர் தன் குழாயிலேயே போட்டுக்கொள்கிறார். தஞ்சாவூரில் போட்ட குப்பை ஊரைத் தாண்டிப் போய்விடும்.

எங்கே போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வயல்காட்டில் தலைமடை, கடைமடை என்று இரண்டு உண்டு. தலைமடைக்காரருக்குத் தண்ணீர் முதலில் வரும். ஆனால் தன் வயல் நிறைந்ததும் மடையை அடைத்துக் கீழே விட்டாக வேண்டும். கடைமடைக்காரர் முகத்தை அவர் பார்த்ததே இல்லாமலிருக்கலாம். முறை முறைதான். இந்த முறை தவறினால் வெட்டுக்குத்து வரை போனதை டெல்டாவில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். புது ஆற்றைப் பொறுத்தவரை தஞ்சாவூர் நகரமே ஒரு தலைமடை. நிலமில்லாத, தண்ணீர் எடுக்காத, ஆனால் தண்ணீர் தன்னைக் கடந்து போகிற தலைமடை. நமக்கு அதில் பங்கு எதுவும் இல்லை என்பதாலேயே கடமை கூடுகிறது. தனக்குச் சேர வேண்டியதைக் காப்பாற்ற யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்தவருடைய சாப்பாடு நம் வாசல் வழியாகப் போகும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் ஊரின் குணம் தெரியும். கரையில் நடும் மரத்தைத் தஞ்சாவூரின் அழகுக்கென்று நினைக்கும்வரை அது இரண்டு சித்திரை தாண்டாது என்று நினைக்கிறேன்.

இந்தப் பார்வையில் பார்த்தால் கான்கிரீட் சண்டையும் வேறு மாதிரி தெரிகிறது. கல்லணைக் கால்வாயைச் சுமார் 2,640 கோடி ரூபாயில் நவீனமாக்கும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஆற்றின் தரையில் கான்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் ஊறாது, கிணறு வற்றும் என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். நியாயம். மண் தரையென்றால் வழியெல்லாம் உறிஞ்சிக்கொண்டு தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதில்லை என்பதும் நியாயம். மேலே இருப்பவருக்கு ஊற்று வேண்டும், கீழே இருப்பவருக்கு ஓட்டம் வேண்டும். மரநிழலில் நடைபாதை கேட்கிற நகரத்தார் இந்த வழக்கில் மூன்றாவது ஆள். பேசலாம், ஆனால் முதலில் பேசக் கூடாது.

கடைமடை சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. அடுத்த ஆண்டே பேராவூரணி இளைஞர்களும் விவசாயிகளும் ஒன்று சேர்ந்து, ஊரில் பணம் திரட்டி, ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். வருகிற தண்ணீரைப் பிடித்து வைக்க அவர்கள் தயார். அவர்களுக்கு வந்து சேருவது நம் நகரத்தைத் தாண்டி வருகிற தண்ணீர்.

எனவே புது ஆற்றங்கரையைப் பசுமையாக்க ஊர்க்குழு அமைப்பதானால் எனக்கு ஒரு யோசனை. நடைப்பயிற்சிக்காரர்கள், பள்ளிக்கூடங்கள், கடைக்காரர்கள் இருக்கட்டும். ஒரத்தநாட்டிலிருந்தும் பேராவூரணியிலிருந்தும் சிலரை அழைத்து உட்கார வைக்க வேண்டும், மண் சுமக்கப் போகிறவர்களையும் கூலி பேசி உட்கார வைக்க வேண்டும். கூட்டம் தை கடைசியில், ஆறு காய்ந்ததும், கரையிலேயே நடக்கட்டும். கீழேயிருந்து வந்தவர்கள் முதலில் எந்த இடத்தில் பெஞ்சு போடுவது என்று கேட்க மாட்டார்கள். சாக்கடை எந்த இடத்தில் ஆற்றில் விழுகிறது, காட்டுங்கள் என்பார்கள்.